கேள்வி – பதில்: பில்ட் கருவியை எப்போது மாற்றலாம், எப்போது விட்டுவிடலாம்?

வெப் அப்ளிகேஷனின் முன்பக்க நிரலைத் தொகுத்துத் தரும் பில்ட் கருவிகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். வெப்பேக், வீட் (Vite) இரண்டும் அத்தகைய கருவிகள். ரியாக்ட் என்பது முன்பக்கத் திரைகளை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், கிரியேட் ரியாக்ட் ஆப் வெப்பேக்கை உள்ளே வைத்து ரியாக்ட் திட்டத்தைத் தொடங்கித் தரும் தொகுப்பு. நோட் என்பது பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் மென்பொருள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் உள் பயன்பாட்டு மென்பொருளை 2020-ல் கிரியேட் ரியாக்ட் ஆப் வைத்துத் தொடங்கினோம். இப்போது என்பிஎம் ஸ்டார்ட் கொடுத்தால் பக்கம் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வீட்-க்கு மாறுவதா, வெப்பேக்கை வைத்தே சீர்செய்வதா? மாறினால் எங்கெங்கே உடையும்? — வாசகர், கோவை

பதில்: மாறிவிடுங்கள். புதிய திட்டங்களுக்கு கிரியேட் ரியாக்ட் ஆப் வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. அதன் கடைசிப் பெரிய பதிப்பான 5 வெளிவந்தது 2021 டிசம்பரில். உள்ளே இருக்கும் வெப்பேக்கை மட்டும் தனியாக மாற்ற முடியாது. எஜெக்ட் செய்தால், அதாவது மறைந்திருக்கும் கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்புகளை) வெளியே எடுத்தால் மாற்றலாம்தான், ஆனால் அந்த நீளமான கான்ஃபிக் முழுவதையும் அதன்பின் நீங்களே பராமரிக்க வேண்டியிருக்கும்.

வீட் ஏன் சட்டென்று எழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே உடையும் என்பதும் புரியும். வெப்பேக் முதல் பக்கத்தைக் காட்டுவதற்கு முன்பே மொத்த அப்ளிகேஷனையும் தொகுத்து முடிக்கிறது. வீட் அப்படிச் செய்வதில்லை. நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் உள்ள வெளிப் பேக்கேஜ்களை மட்டும் ஒருமுறை முன்கூட்டியே தொகுத்து வைத்துக்கொள்கிறது. உங்கள் சொந்தக் கோப்புகளை பிரவுசர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுக்கிறது. அதனால் உங்கள் நிரல், பிரவுசருக்கே தெரிந்த ‘இம்போர்ட்’ எழுதும் இஎஸ் மாட்யூல் முறையில் இருந்தே ஆக வேண்டும். ‘ரிக்வயர்’ என்று எழுதிய பழைய வரிகள், ‘ப்ராசஸ்’, ‘குளோபல்’ என்று நோட்டின் பெயர்களைக் கூப்பிடும் வரிகள் எல்லாம் பிரவுசர் கன்சோலில் சிவப்பாக வந்து நிற்கும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில், ஜேஎஸ்எக்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் எச்டிஎம்எல் போல எழுதும் முறை) உள்ள எல்லா .ஜேஎஸ் கோப்புகளின் பெயரையும் .ஜேஎஸ்எக்ஸ் என்று மாற்றி, அதை மட்டும் தனி கமிட்டாகப் போடுங்கள். பெயர் மாற்றத்தோடு உள்ளடக்க மாற்றமும் கலந்தால் கிட் வரலாறு அறுந்துபோகும். அடுத்து வீட்-ஐயும் அதன் ரியாக்ட் ப்ளக்இன்னையும் நிறுவுங்கள். பப்ளிக் ஃபோல்டரில் இருக்கும் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்-ஐ வெளியே எடுத்துத் திட்டத்தின் வேர் ஃபோல்டரில் வையுங்கள். அதில் உள்ள பப்ளிக் யுஆர்எல் குறிகளை நீக்கிவிட்டு, தொடக்கக் கோப்பைச் சுட்டும் ஸ்கிரிப்ட் வரியை மாட்யூல் வகையாகச் சேருங்கள். இந்த ஒரு வரியை மறந்தால் பிழை எதுவும் காட்டாமல் வெறும் வெள்ளைப் பக்கம் வரும்.

சூழல் மாறிகளுக்கு ‘ரியாக்ட் ஆப்’ என்ற முன்னொட்டு போய் ‘வீட்’ என்ற முன்னொட்டு வரும். படிக்கும் இடமும் ப்ராசஸ் என்வ்-இலிருந்து இம்போர்ட் மெட்டா என்வ்-க்கு மாறும். இதை ஐம்பது கோப்புகளில் தேடித் தேடி மாற்றாதீர்கள். எல்லா மாறிகளையும் ஒரே கான்ஃபிக் கோப்பில் படித்து, மற்றவை அதிலிருந்து இறக்குமதி செய்யும்படி வையுங்கள். காரணம் டெஸ்ட். டெஸ்ட் ஓட்டும் கருவியான ஜெஸ்ட் வழக்கமாக ‘ரிக்வயர்’ எழுதும் பழைய காமன்ஜேஎஸ் முறையில் ஓடுவதால் இம்போர்ட் மெட்டா என்ற சொல்லைப் பார்த்ததுமே தொடரியல் பிழை என்று நின்றுவிடும். ஒரே கோப்பில் இருந்தால் அதற்கு மட்டும் போலி ஒன்று வைத்தால் போதும். டெஸ்ட்களை வீட்-ஓடு இணைந்த டெஸ்ட் கருவியான வீடெஸ்ட்-க்கு மாற்றும் வரை கிரியேட் ரியாக்ட் ஆப்பின் ரியாக்ட் ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜை நீக்காதீர்கள். டெஸ்ட் ஓட அது வேண்டும்.

பின்பக்க சர்வருக்குக் கோரிக்கைகளைத் திருப்பிவிட பேக்கேஜ்.ஜேசனில் எழுதிய ப்ராக்ஸி வரியை வீட் கண்டுகொள்ளாது, அதை வீட் கான்ஃபிக்கின் சர்வர் பகுதியில் எழுத வேண்டும். எஸ்விஜி-யை ரியாக்ட் காம்பொனன்ட்டாக இறக்குமதி செய்திருந்தால் அதற்குத் தனி ப்ளக்இன் தேவை. போர்ட் 3000 போய் 5173 ஆகும். எந்த முகவரிகளிலிருந்து வரும் கோரிக்கையை ஏற்பது என்று சொல்லும் பின்பக்க சர்வரின் கார்ஸ் பட்டியலில் 3000 மட்டும் இருந்தால் லாகின் வேலை செய்யாது, ஆளாளுக்கு வீட்-ஐத் திட்டுவார்கள். கடைசியாக ஒன்று: பில்ட் வெளியீடு இதுவரை ‘பில்ட்’ ஃபோல்டரில் வந்தது, இனி ‘டிஸ்ட்’ ஃபோல்டரில் வரும். டெப்ளாய் ஸ்கிரிப்ட் பழைய ஃபோல்டரையே எடுத்துப் போட்டால், எல்லாம் வெற்றி என்று காட்டிவிட்டுப் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும். கான்ஃபிக்கில் வெளியீட்டு ஃபோல்டரை ‘பில்ட்’ என்றே வைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

கேள்வி: வீட்-க்கு மாறிவிட்டோம். எங்களுக்கு டெவலப்மென்ட் பறக்கிறது. ஆனால் வாடிக்கையாளர்கள் சைட் முன்போலவே மெதுவாக இருக்கிறது என்கிறார்கள். ஏன்? — வாசகர், சென்னை

பதில்: டெவ் சர்வரின் வேகம் உங்களுக்கானது. வாடிக்கையாளரின் போனில் இறங்குவது தொகுத்து முடித்த கோப்புகள்தான். அவற்றின் அளவை உங்கள் நிரலும் நீங்கள் சேர்த்த பேக்கேஜ்களும்தான் தீர்மானிக்கின்றன. கருவியை மாற்றியதால் அது தானாகப் பாதியாகிவிடாது.

பில்ட் முடிவில் ஒரு சங்க் (பில்ட் பிரித்துத் தரும் கோப்புத் துண்டு) 500 கேபி-யைத் தாண்டினால் வீட் மஞ்சள் எச்சரிக்கை காட்டும். பலர் அந்த வரம்பை 2000 ஆக உயர்த்தி எச்சரிக்கையை மறைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், ரோலப் என்ற தொகுப்புக் கருவியின் விஷுவலைசர் ப்ளக்இன்னைச் சேர்த்து ஒருமுறை பில்ட் செய்யுங்கள். எந்த பேக்கேஜ் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பெட்டி பெட்டியாகக் காட்டும். பெரும்பாலும் கண்ணில் படுபவை எக்செல் ஏற்றுமதி, பிடிஎஃப், சார்ட், ரிச் டெக்ஸ்ட் எடிட்டர் ஆகியவை. எக்செல் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துவார்கள், அந்த நூலகமோ லாகின் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்தும்போது மட்டும் டைனமிக் இம்போர்ட் செய்யும்படி மாற்றுங்கள். ரூட் (பக்க முகவரி) ஒவ்வொன்றையும், போகும்போது மட்டும் இறங்கும்படி ரியாக்ட் லேசி கொண்டு பிரியுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நோட் மாட்யூல்ஸில் வருவதையெல்லாம் ‘வெண்டர்’ என்ற ஒரே சங்க்கில் போடு என்று மேனுவல் சங்க்ஸ் விதி எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி எழுதியிருந்தால், நீங்கள் டைனமிக் இம்போர்ட் செய்த எக்செல் நூலகமும் வெண்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெண்டர் முதல் பக்கத்திலேயே இறங்கும். பிரித்த வேலை அத்தனையும் வீண். ரியாக்ட், ரூட்டர் போன்ற எப்போதும் தேவைப்படும் இரண்டு மூன்றை மட்டும் பெயர் சொல்லி வெண்டரில் போடுங்கள், மற்றதைக் கருவியிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை புதிய பதிப்பு ஏற்றியதும் சிலருக்கு வெள்ளைத் திரை. ரிஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறது. கன்சோலில், ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலுக்குப் பதில் டெக்ஸ்ட் எச்டிஎம்எல் வந்ததாகப் பிழை. வெப்பேக்கில் இருந்தபோதும் சங்க் லோட் பிழை என்று இதேபோல் வந்தது. எந்தக் கருவியில் இது வராது? — வாசகர், மதுரை

பதில்: எந்தக் கருவியிலும் வரும். இதைத் தீர்க்க வேண்டிய இடம் சர்வர்.

நடப்பது இதுதான். ஒருவர் காலையில் உங்கள் சைட்டைத் திறந்து வைத்திருக்கிறார். அவர் பிரவுசரில் இருக்கும் நிரல், ரிப்போர்ட் பக்கத்துக்குப் போனால் பழைய ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் குறியீடு) பெயரில் உள்ள சங்க்கைக் கேட்கும். நீங்கள் மதியம் டிஸ்ட் ஃபோல்டரை அழித்துப் புதியதை ஏற்றியிருக்கிறீர்கள், அந்தப் பெயரில் கோப்பே இல்லை. அங்கே 404 போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் உங்கள் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ்-ன் ட்ரை ஃபைல்ஸ் வரி, கிடைக்காத எதற்கும் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்-ஐக் கொடுத்துவிடும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் கேட்ட பிரவுசருக்கு எச்டிஎம்எல் வந்து சேர்கிறது. இடையில் சிடிஎன் (கோப்புகளைப் பயனருக்கு அருகில் நகல் வைத்துத் தரும் சேவை) இருந்தால் அந்தத் தவறான பதிலை அது கேஷிலும் வைத்துக்கொள்ளும். அப்போது சில நேரம் ரிஃப்ரெஷ்ஷும் கைகொடுக்காது.

நான்கு மாற்றங்கள் தேவை. அசெட்ஸ் ஃபோல்டருக்குத் தனி லொகேஷன் எழுதி, கோப்பு இல்லாவிட்டால் 404 மட்டுமே தரும்படி வையுங்கள். அதே இடத்தில் கேஷ் காலத்தை 31536000 நொடி, அதாவது ஓராண்டு, இம்யூட்டபிள் (மாறாதது) என்று கொடுங்கள். பெயரிலேயே ஹாஷ் இருப்பதால் பயமில்லை. இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்-க்கு மட்டும் நோ-கேஷ். ஏற்றும்போது முதலில் அசெட்ஸ், கடைசியில் இன்டெக்ஸ். பழைய அசெட்ஸை ஒரு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள். என்ஜின்எக்ஸ்-ல் லொகேஷனுக்குள் ஆட் ஹெடர் எழுதினால், மேலே சர்வர் பகுதியில் எழுதிய பாதுகாப்பு ஹெடர்கள் அந்த லொகேஷனுக்கு இறங்காது. அவற்றை அங்கேயும் திரும்ப எழுத வேண்டும்.

இதற்குப் பிறகும் தப்பி வரும் ஓரிரண்டு பேருக்காக, வீட் தரும் ப்ரீலோட் எரர் நிகழ்வைப் பிடித்துப் பக்கத்தைத் தானாக ரீலோட் செய்யலாம். ஆனால் ஒருமுறை ரீலோட் ஆனதை செஷன் ஸ்டோரேஜில் குறித்துவைத்து, இரண்டாவது முறை நிறுத்திவிட வேண்டும். குறிக்காமல் விட்டால், உண்மையிலேயே கோப்பு இல்லாத நாளில் பக்கம் ஓயாமல் ரீலோட் ஆகிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பழைய வெப்பேக் 4 திட்டம். புது லேப்டாப்பில் புதிய நோட் போட்டதும் ஓப்பன்எஸ்எஸ்எல், ஈவிபி அன்சப்போர்ட்டட் என்று பிழை வந்து பில்ட் நிற்கிறது. என்ன வழி? — வாசகர், திருநெல்வேலி

பதில்: வெப்பேக் 4 உள்ளே எம்டி4 என்ற பழைய ஹாஷைப் பயன்படுத்துகிறது. நோட் 17 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்தது, அதில் எம்டி4 பழைய வழிமுறைகள் பக்கம் ஒதுக்கப்பட்டுவிட்டது. வெப்பேக் கான்ஃபிக்கில் ஹாஷ் முறையை மட்டும் மாற்றினால் தீரும் என்று பலர் சொல்வார்கள். வெப்பேக் 4-ன் உள்ளேயே சில இடங்களில் எம்டி4 நேரடியாக எழுதப்பட்டிருப்பதால் அது முழுத் தீர்வாகாது.

இன்றைக்கு வேலை ஓட வேண்டுமானால், நோட் ஆப்ஷன்ஸ் மாறியில் ஓப்பன்எஸ்எஸ்எல் லெகசி ப்ரொவைடர் கொடியைக் கொடுங்கள். குழுவில் ஒருவர் இன்னும் நோட் 16 வைத்திருந்தால் அவருக்கு இந்தக் கொடியே அனுமதியில்லை என்று பிழை வரும். எல்லோரும் ஒரே நோட் பதிப்புக்கு வந்த பிறகு போடுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே ஸ்கிரிப்ட் ஓட கிராஸ்-என்வ் பேக்கேஜ் உதவும்.

அப்புறம் நேரம் ஒதுக்கி வெப்பேக் 5-க்கு ஏறுங்கள். அங்கே பஃபர், கிரிப்டோ, பாத், ஸ்ட்ரீம் போன்ற நோட் மாட்யூல்களுக்கு வெப்பேக் தானாகப் பதிலி சேர்ப்பதில்லை. பிழை வந்த ஒவ்வொன்றுக்கும் ஃபால்பேக் எழுதிக் குவிப்பதற்கு முன், எந்த பேக்கேஜ் அதைக் கேட்கிறது என்று பாருங்கள். பல நேரம் அந்த பேக்கேஜின் புதிய பதிப்பு கேட்பதே இல்லை.

கேள்வி: எங்களுடையது பெரிய வெப்பேக் 5 திட்டம். தனித்தனியாக பில்ட் செய்த அப்ளிகேஷன்கள் ஓடும்போதே நிரலைப் பகிரும் மாட்யூல் ஃபெடரேஷன், கோப்புகளை மாற்றித் தர சொந்தமாக எழுதிய லோடர்கள் எல்லாம் உண்டு. வீட்-க்குப் போக முடியுமா? — வாசகர், பெங்களூரு

பதில்: போகலாம், ஆனால் கிட்டத்தட்டப் புதிதாக எழுதும் வேலை. உங்களுக்கு ஆர்எஸ்பேக்தான் பொருத்தம். பைட்டான்ஸ் நிறுவனத்தில் உருவாகி, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு, 2024 ஆகஸ்டில் 1.0 ஆன கருவி இது. வெப்பேக்கின் கான்ஃபிக் அமைப்பையே ஏற்றுக்கொள்கிறது, மாட்யூல் ஃபெடரேஷனும் உண்டு.

அதற்கும் முன்னால் ஒரு அரை நாள் வேலை: வெப்பேக் 5-ன் கேஷை ஃபைல்சிஸ்டம் வகைக்கு மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டெவலப்மென்ட்டில் இயல்பாக அது நினைவகத்தில் மட்டும்தான், நிறுத்தித் தொடங்கினால் எல்லாம் முதலிலிருந்து. மாற்றினால் இரண்டாவது தொடக்கத்திலிருந்து வித்தியாசம் தெரியும். பில்ட் டிபென்டன்சிஸில் கான்ஃபிக் கோப்பையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கான்ஃபிக்கை மாற்றிய பிறகும் பழைய விளைவே வந்து குழப்பும். சிஐ-யில் (தானாக பில்ட், டெஸ்ட் ஓட்டும் சர்வரில்) கேஷ் ஃபோல்டரைச் சேமித்து மீட்டால்தான் அங்கே பலன்.

அது போதாதென்றால் ஆர்எஸ்பேக். அங்கே போனவர்கள் பெரிதாக வேகம் கூடவில்லை என்று சொன்னால், முக்கால்வாசி காரணம், புதிய ஜாவாஸ்கிரிப்ட்டைப் பழைய வடிவுக்கு மாற்றும் பேபல் லோடரை அப்படியே விட்டுவைத்ததுதான். தொகுப்பது ரஸ்ட்டில் ஓடினாலும் ஒவ்வொரு கோப்பும் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓடும் பேபல் வழியாகவே போகிறது. அதை, அதே வேலையை ரஸ்ட்டில் செய்யும் உள்ளமைந்த எஸ்டபிள்யூசி லோடருக்கு மாற்றுங்கள். விசேஷ பேபல் ப்ளக்இன் தேவைப்படும் ஃபோல்டருக்கு மட்டும் பேபலை வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்எஸ் பிரிப்பது, கோப்பு நகலெடுப்பது, சுருக்குவது ஆகியவற்றுக்கு ஆர்எஸ்பேக்கின் சொந்த ப்ளக்இன்கள் இருக்கின்றன.

கேள்வி: டைப்ஸ்கிரிப்ட் பிழை இருந்தும் வீட் பில்ட் வெற்றி என்கிறது. இது பிழையா? — வாசகர், திருச்சி

பதில்: இல்லை. வீட் டைப் குறிகளை உரித்துப் போடும், சரிபார்க்காது. பில்ட் ஸ்கிரிப்டில் டைப்ஸ்கிரிப்ட்டின் சொந்தத் தொகுப்பியான டிஎஸ்சி-யை, கோப்பு எதுவும் எழுதாமல் சரிபார்க்க மட்டும் சொல்லும் நோ எமிட் கொடியோடு முதலில் ஓட்டி, அது தேறினால் மட்டும் வீட் பில்ட் ஓடும்படி எழுதுங்கள். டிஎஸ்கான்ஃபிக்கில் ஐசொலேட்டட் மாட்யூல்ஸையும் இயக்கிவையுங்கள். கோப்பு கோப்பாக மாற்றும் கருவிகளில் எது உடையும் என்று எடிட்டரே எழுதும்போது சொல்லிவிடும்.

கேள்வி: வீட் 7-க்கு ஏறிய பிறகு சில பழைய போன்களில் சைட் திறப்பதில்லை. பழைய பிரவுசர்களுக்கான லெகசி ப்ளக்இன் போட்டும் பயனில்லை. — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வீட் 7-ல் இயல்பான இலக்கு உயர்ந்துவிட்டது: குரோம் 107, சஃபாரி 16, ஃபயர்ஃபாக்ஸ் 104. முந்தைய பதிப்பில் அது குரோம் 87, சஃபாரி 14. ஆண்ட்ராய்ட் 6 போன்களுக்கு குரோம் 106-ஓடு புதுப்பிப்பு நின்றுவிட்டது. ஐபோன் 6எஸ், 7 இரண்டும் ஐஓஎஸ் 15-ஐத் தாண்டாது, அதில் குரோம் நிறுவினாலும் உள்ளே ஓடுவது அதே வெப்கிட். இந்த இரண்டு வகையும் வெளியே விழுகின்றன.

லெகசி ப்ளக்இன் ஏன் உதவவில்லை என்றால், அதன் பழைய வகைக் கோப்புகள் நவீன மாட்யூல் வசதிகள் இல்லாத பிரவுசர்களுக்கு மட்டும்தான் போகும். உங்கள் பயனர்களின் பிரவுசர்களுக்கு மாட்யூல் தெரியும், ஆகவே அவை புதிய வகைக் கோப்பையே எடுத்துத் திணறுகின்றன. அந்த ப்ளக்இன்னை எடுத்துவிட்டு, பில்ட் இலக்கை குரோம் 87, சஃபாரி 14 என்று நீங்களே எழுதுங்கள். இலக்கைக் குறைப்பது தொடரியலை மட்டுமே மாற்றும். ஸ்ட்ரக்சர்ட் குளோன் போன்ற புதிய செயல்கூறுகள் பழைய பிரவுசரில் இல்லாவிட்டால் விடுபட்ட செயல்கூறுகளுக்குப் பதிலி தரும் கோர்-ஜேஎஸ் நூலகத்திலிருந்து தேவையானதை மட்டும் சேர்க்க வேண்டும்.

பக்கம் திறந்து, ஆனால் வடிவம் கலைந்திருந்தால், நீங்கள் பயன்படுத்தும் சிஎஸ்எஸ் கருவி டெயில்விண்ட்தானா என்று பாருங்கள். டெயில்விண்ட் 4 குறைந்தது சஃபாரி 16.4, குரோம் 111 கேட்கிறது. வீட்-ல் இலக்கை எவ்வளவு குறைத்தாலும் அது சரியாகாது, பழைய போன் பயனர்கள் முக்கியம் என்றால் டெயில்விண்ட் 3.4-லேயே இருங்கள்.

கேள்வி: 1 ஜிபி நினைவகமுள்ள சர்வரில் பில்ட் பாதியில் ‘கில்ட்’ என்று நிற்கிறது. மேக்ஸ் ஓல்ட் ஸ்பேஸ் அளவை 4096 ஆக்கியும் அதே கதை. — வாசகர், சேலம்

பதில்: இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஹீப் அவுட் ஆஃப் மெமரி என்று நீளமாகப் புலம்பிவிட்டு நின்றால், நோட் தனக்கு வைத்த வரம்பை எட்டிவிட்டது. அதற்கு நீங்கள் சொன்ன கொடி மருந்து. வெறும் ‘கில்ட்’ என்று வந்து வெளியேறும் எண் 137 என்றால், நினைவகம் தீர்ந்துபோய் லினக்ஸ் கர்னலே கொன்றிருக்கிறது. 1 ஜிபி இயந்திரத்தில் 4096 எம்பி வரை போகலாம் என்று நோட்டிடம் சொன்னால் அது குப்பை அகற்றுவதைத் தள்ளிப்போட்டு இன்னும் சீக்கிரம் செத்துப்போகும்.

அந்த சர்வரில் பில்ட் செய்யாமலிருப்பதே சரி. சிஐ-யிலோ உங்கள் லேப்டாப்பிலோ பில்ட் செய்து டிஸ்ட் ஃபோல்டரை மட்டும் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் கட்டளை) கொண்டு அனுப்புங்கள். அங்கேயே செய்தாக வேண்டிய கட்டாயம் இருந்தால் 2 ஜிபி ஸ்வாப் (வட்டில் ஒதுக்கும் கூடுதல் நினைவகம்) சேர்த்து, சுருக்கிய நிரலை மூல நிரலோடு இணைத்துக் காட்டும் சோர்ஸ் மேப்பை நிறுத்துங்கள். வெப்பேக் என்றால் நிரலைச் சுருக்கும் டெர்சரின் இணையோட்டத்தையும் நிறுத்துங்கள். மெதுவாக ஓடும், ஆனால் முடியும்.

கேள்வி: கல்லூரி மாணவன். வெப்பேக், பார்சல், டர்போபேக், ரோல்டவுன் என்று பட்டியல் நீள்கிறது. எதைக் கற்பது? — வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் கருவி எதுவும் இல்லாமல், மாட்யூல் வகை ஸ்கிரிப்ட் வைத்து மூன்று கோப்புகளை ஒன்றையொன்று இறக்குமதி செய்யும் பக்கம் ஒன்றை எழுதிப் பாருங்கள். டெவ் டூல்ஸின் நெட்வொர்க் தாவலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பு வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கிறது என்பது தெரியும், தொகுக்கும் கருவி ஏன் பிறந்தது என்பதும் அங்கேயே விளங்கும். பிறகு வீட். டர்போபேக் நெக்ஸ்ட்ஜேஎஸ் எழுதினால் கூடவே வரும், தனியாகப் படிக்கத் தேவையில்லை. ரோல்டவுன் வீட்-ன் உள்ளே இருக்கும் எஞ்சின். வீட் 7 வரை டெவலப்மென்ட்டில் ஈஎஸ்பில்ட், இறுதி பில்டில் ரோலப் என்று இரண்டு எஞ்சின்கள் இருந்தன. வீட் 8 அந்த இடத்தில் ரோல்டவுனை வைக்கிறது. வெப்பேக்கை, வேலைக்குச் சேரும் இடத்தில் இருந்தால் அங்கே கற்றுக்கொள்ளலாம். பழைய திட்டங்களில் அது இன்னும் நிறைய இருக்கிறது.

கேள்வி: சர்வரில் பிஎம்2 (நோட் நிரல்களை நிற்காமல் ஓடவைக்கும் கருவி) வைத்து, டெவ் சர்வரைத் தொடங்கும் என்பிஎம் ரன் டெவ் ஓட்டுகிறோம். நன்றாகவே ஓடுகிறது. மாற்ற வேண்டுமா? — வாசகர், ஈரோடு

பதில்: இன்றே மாற்றுங்கள். டெவ் சர்வர் உங்கள் மூலக் கோப்புகளைச் சுருக்காமல் அப்படியே ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் வீட் டெவ் சர்வரில் ஒரு ஓட்டை வெளியானது. ஹோஸ்ட் கொடி போட்டு வெளியே திறந்துவைத்த சர்வரில், முகவரியின் முடிவில் சில குறிகளைச் சேர்த்தால் தடுக்கப்பட்ட கோப்புகளையும் படிக்க முடிந்தது. வீட் 6-ல் அது 6.2.3 பதிப்பில் அடைக்கப்பட்டது. வீட் ப்ரிவ்யூவும் இதற்குப் பதிலாகாது, அது பில்டை உங்கள் கணினியில் பார்த்துக்கொள்ள மட்டும்.

பில்ட் செய்து, டிஸ்ட் ஃபோல்டரை என்ஜின்எக்ஸ் கொண்டு நேராகப் பரிமாறுங்கள். முன்பக்கத்துக்கு பிஎம்2 தேவையே இல்லை. அதோடு, அந்த இயந்திரத்தின் என்வ் கோப்பில் இருந்த டேட்டாபேஸ் கடவுச்சொல், ஏபிஐ சாவிகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். முன்பு யாரும் படித்திருக்கிறார்களா என்று அக்சஸ் லாகில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் மாற்றிவிடுங்கள்.